நாற்பது பேரின் வெட்கம்

என் ஒரு முகத்தை நாற்பது முகமாகக் காட்டி ஒப்பேற்றியவன் நான். இதை முதலில் சொல்லாவிட்டால், இரண்டு பக்கத்துக்காவது நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். அந்த இரண்டு பக்கம் எனக்கு வேண்டாம்.

பெயர் சுகிர்தன். லண்டனில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் வேலை. ஞாயிறு காலை பத்து மணிக்கு ‘ஞாயிறு மேசை’ என்று ஒரு நிகழ்ச்சி போகும். அமைச்சர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் ஹ்யூ பெம்பர்ட்டன் என்ற நரைத்த மனிதருக்கு முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் பதில் சொல்ல வேண்டும். வார நாட்களில் வாய் கூசாமல் பேசுகிறவர்கள் அந்த மேசையில் மட்டும் சொல்லை அளந்து பேசுவார்கள். அது ஹ்யூவுக்கான மரியாதை அல்ல. திரையின் வலது மூலையில், பூச்சியத்திலிருந்து நூறுவரை ஓடும் முள்ளுக்கான பயம்.

அந்த முள்ளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கமரா விருந்தாளியின் முகத்தைப் பார்க்கும். தோலுக்குக் கீழே இரத்தம் ஓடுவதையும் இமை தாழ்வதையும் எச்சில் விழுங்குவதையும் சேர்த்து ஓர் எண்ணாக்கும். அது பொய்யை அளப்பதில்லை, வெட்கத்தைத்தான் அளக்கிறது. பொய் சொல்கிறவன் உள்ளுக்குள் கொஞ்சமாவது கூசுவான் என்பது அதைக் கண்டுபிடித்தவர்களின் நம்பிக்கை. நல்ல மனிதர்களாக இருந்திருப்பார்கள்.

முதலில் அது வெள்ளை முகங்களில்தான் ஒழுங்காக வேலை செய்தது. நம் நிறத்தவர்கள் உட்கார்ந்தால் முள் அங்குமிங்கும் அலைந்தது. முறைப்பாடுகள் வந்தன. தெற்காசிய முகங்களுக்கென்று தனிக் கோப்பு வேண்டும், நாற்பது பேர், ஆறு வாரம் என்றார்கள். ஒவ்வொருவரும் கமராவுக்கு முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்து, தாங்கள் வெட்கப்பட்ட ஒன்றை நினைக்க வேண்டும். வாயால் சொல்லக்கூடத் தேவையில்லை. அலுவலகத்தில் அந்த நிறத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். வேலை என் தலையில் விழுந்தது.

நம் ஆட்கள் கூடி வாழும் ஹரோவில் கோயில் மண்டபத்துக்குப் போனேன். தமிழ்ப் பாடசாலைக்குப் போனேன். பொங்கல் விழாவில் மேசை போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, “தம்பி ஆரின்ர மகன்?” இரண்டாவது கேள்வி, “இது ஆர் ஆருக்குத் தெரிய வரும்?” உட்கார்ந்த நாலு பேரும் கல்யாண வீட்டுப் படத்துக்கு இருப்பதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கமராவைப் பார்த்தே சொன்னார், “எனக்கு வெக்கப்பட ஒண்டுமில்லை. எங்கட குடும்பத்திலயும் ஒருத்தருக்கும் இல்லை.” இன்னொரு தமிழனுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் வெட்கத்தை நினைக்கக்கூட மாட்டார்கள் என்று நிலையத்துக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? ஒரு வெள்ளைக்காரியை அனுப்பியிருந்தால் கொட்டித் தீர்த்திருப்பார்கள்.

ஐந்தாவது வாரம் நானே உட்கார்ந்தேன். எனக்கு நினைக்க ஒன்று இருந்தது. சட்டையை மாற்றி, தாடி வைத்து, தாடி எடுத்து, கண்ணாடி போட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, நாற்பது தடவை. கோப்பில் முகம் இருக்காது, எண்கள்தான் இருக்கும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. நாற்பது தடவையும் நான் நினைத்தது ஒரே ஒரு காலை நேரத்தை. அது என்ன என்று பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை.

கோப்பில் உள்ள மிகப் பெரிய வெட்கம் எதுவோ அதற்குத்தான் நூறு. மற்றவர்களின் வெட்கமெல்லாம் அதிலிருந்து கணிக்கப்படும். அதாவது, இந்த நாட்டில் நம் நிறமுள்ள எவரின் வெட்கத்துக்கும் அளவுகோல் நான்.

இதனால் என்ன ஆனது தெரியுமா? என் வெட்கத்தைப் போன்ற வெட்கம் மட்டுந்தான் முள்ளுக்குத் தெரிந்தது. பதவிக்காகப் பொய் சொல்கிறவனின் கூச்சம் வேறு ரகம், அது முள்ளின் கண்ணில் படவேயில்லை. இரண்டு வருடம் நம் நிறத்தவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்து என்ன சொன்னாலும் முள் நாலையோ ஐந்தையோ தாண்டவில்லை. ஒரு நகரசபைத் தலைவர் பள்ளிக்கூடம் எதையும் மூடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் மூன்றை மூடினார். முள் இரண்டில் நின்றது. ஆசிய அரசியல்வாதிகளின் நேர்மை என்று பத்திரிகைகள் கட்டுரை எழுதின. ஹரோவில் அதை வெட்டி நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். நான் அந்தப் பலகைப் பக்கம் போவதில்லை.

*

பங்குனி மாதத்து ஒரு ஞாயிறு, தர்மினி குலசிங்கம் வந்தார். சுகாதாரத் துறையில் துணை அமைச்சர், நாற்பத்தாறு வயது. குழந்தையாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அந்த வாரம் அவர் பெயர்தான் எங்கும் அடிபட்டது. மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர்களை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் தொலைபேசியே மொழிபெயர்க்கட்டும் என்று அரசு சட்டம் கொண்டுவந்திருந்தது. முன்னோட்டமாக அதைச் செய்துபார்த்த இடங்களில் நோயாளிகள் செத்துப்போயிருக்கிறார்கள் என்று ஓர் அறிக்கை இருந்ததும், வாக்கெடுப்பு முடியும்வரை அது மறைக்கப்பட்டதும் வெளியே வந்துவிட்டன. கேள்வி ஒன்றுதான். தர்மினி அந்த அறிக்கையை முன்பே பார்த்தாரா, இல்லையா?

நிகழ்ச்சிக்கு முன்னால் விருந்தாளியைக் கால்மணி நேரம் என் சிறிய அறையில் உட்கார வைத்து முள்ளைச் சரிபார்ப்பது வழக்கம். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் கழுத்து அட்டையைப் பார்த்தார்.

“சுகிர்தன். நீங்கள் எவடம்?”

“அப்பா அம்மா சாவகச்சேரி, மேடம்.”

“மேடம் எல்லாம் வெளியில. இது என்ன செய்யும் எண்டு வடிவாச் சொல்லுங்கோ தம்பி. எனக்கு விளங்கிற மாதிரி.”

“நீங்கள் வெக்கப்பட்ட ஒண்டை நினையுங்கோ அக்கா. சொல்லத் தேவையில்லை. முள் எவ்வளவு போகுது எண்டு நான் குறிப்பன்.”

“நினைச்சதை விட்டிட்டு வேற கேள்விக்குப் போனா?”

“உடன இறங்காது. எழுபதுக்கு மேல போச்சுதெண்டா இறங்கத் தொண்ணூறு விநாடி எடுக்கும். அதுமட்டும் முள்ளைத் திரையில மறைக்க என்னட்ட ஒரு பட்டன் இருக்கு. இல்லாட்டி முதல் கேள்வியின்ர வெக்கம் அடுத்த பதிலில விழுந்திடும்.”

“அப்ப பட்டனை நம்பித்தான் நான் போய் இருக்கவேணும்.”

“நான் இருக்கிறன் அக்கா. மறைப்பன். பயப்பிடாதேங்கோ.”

இதைச் சொன்னபோது நான் உண்மையாகத்தான் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

அவர் கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்து வாய்விட்டே சொல்லத் தொடங்கினார். கோயில் மண்டபத்தில் ஒருவரும் செய்யாததை ஓர் அமைச்சர் செய்தார்.

“எனக்கு ஒன்பது வயசு. கவுன்சில் அலுவலகத்துக்கு வீடு கேட்டுப் போனது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் சொல்லவேணும். அங்க இருந்தவன் அம்மாவைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னான். ஊத்தை வார்த்தை. என்ன சொல்லுறார் எண்டு அம்மா கேட்டா. வீடு பாத்துத் தாறாராம் எண்டு சொன்னன். அம்மா அவனைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு தாங்க்யூ எண்டு சொன்னவ. ரெண்டு தரம்.”

முள் தொண்ணூற்று மூன்றில் நின்றது.

இரண்டு வருடத்தில் இந்த அறையில் சரிபார்த்தபோதுகூட நம் நிறத்தவர் ஒருவரும் பதினைந்தைத் தாண்டியதில்லை. இது என் வெட்கத்தின் ரகம். ஒரே வீட்டுச் சாவியைப் போல முள்ளுக்குள் போய்ப் பொருந்திவிட்டது.

“நானும்தான் அக்கா,” என்றேன், யோசிக்காமல். “அம்மாவுக்கு. டாக்குத்தரிட்ட.”

அவர் ஏதோ கேட்கப்போனார். கதவு திறந்தது. தயாரிப்பாளர் ஃபியோனா தலையை நீட்டி, “நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?” என்று கேட்டாள். எழுபதுக்கு மேல் போனால் அந்த விஷயத்தைக் கேட்காதீர்கள் என்று ஹ்யூவுக்குச் சொல்ல வேண்டும். அது விதி. தொண்ணூற்று மூன்று என்றால் ஏன் என்று கேட்பார்கள். கோப்பைத் திறப்பார்கள்.

“ஒன்றுமில்லை,” என்றேன்.

*

ஹ்யூ நேராகவே தொடங்கினார். “அந்த அறிக்கையை வாக்கெடுப்புக்கு முன்னால் பார்த்தீர்களா?”

“இல்லை. என்னிடமிருந்தும் மறைத்தார்கள். பார்த்திருந்தால் எதிர்த்து வாக்களித்திருப்பேன். அந்தச் சட்டத்தை மீளப்பெற வேண்டும் என்று நாளைக் காலை அமைச்சரவைக் குழுவில் சொல்லப்போகிறேன்.”

முள் மூன்று. அது என் கோப்பின் மூன்று, ஒன்றுக்கும் உதவாதது. ஆனால் அவர் சொன்னது உண்மை. என் அறையில் இருந்து அந்தக் கதையைச் சொன்ன பெண், மொழிபெயர்ப்பாளர்களை நிறுத்தத் தெரிந்தே கைதூக்கியிருக்க மாட்டார். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

இருபது நிமிடம் அப்படியே போனது. பிறகு ஹ்யூ தாள்களை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் மென்மையாக, “சிறுவயதில் உங்கள் தாயாருக்கு நீங்களே மொழிபெயர்த்தீர்கள் என்று படித்தேன்,” என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிகழ்ச்சி இறுகிப்போய் இருந்ததால் இளக்கப் பார்த்தார்.

“ஆமாம்,” என்றார் தர்மினி. அவ்வளவுதான்.

முள் தொண்ணூற்று ஒன்றுக்குப் பாய்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் என் பக்கத்தில் இருந்த ஃபியோனா எழுந்து, ஹ்யூவின் காதுக்குப் போகும் மைக்கில் சொன்னாள், “அறிக்கைக்குப் போங்கள் ஹ்யூ. இப்போதே. திரும்பக் கேளுங்கள்.”

என் விரல் பட்டன்மேல்தான் இருந்தது. ஓர் அழுத்து, முள் மறைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு அழுத்துக்கும் எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும். காரணம் கேட்டால் சரிபார்த்த எண்ணைப் பார்ப்பார்கள். எண்ணைப் பார்த்தால் கோப்பு. கோப்பில் நாற்பது பேர் எங்கே?

ஹ்யூ கேட்டார், “கடைசியாக ஒருமுறை கேட்கிறேன். அறிக்கையைப் பார்த்தீர்களா?”

“இல்லை.”

முள் எண்பத்தெட்டு.

நான் அழுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்றோ தடுமாறிவிட்டேன் என்றோ சொல்ல ஆசைதான். யோசித்து, தெரிந்து, அழுத்தாமல் இருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்து, நடைபாதையில் தர்மினி கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

“மறைப்பன் எண்டனீங்கள்.”

“கை எட்டேல்லை அக்கா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கமரா இல்லாமலே பார்க்கத் தெரிந்தவர். கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாலைக்குள் அந்த ஒரு சொல்லும் எண்பத்தெட்டும் நாடெங்கும் ஓடின. அதற்கு முன்னால் வந்த, தாயாரைப் பற்றிய கேள்வியை எவரும் போடவில்லை. ஆறு மணிக்குப் பதவியை விட்டு விலகினார். சட்டத்தை மீளப்பெறச் சொல்ல அமைச்சரவைக் குழுவில் ஆள் இல்லாமல் போனது. ஹரோவில் பலகையில் இருந்த கட்டுரையைக் கழற்றிவிட்டார்கள். “நல்ல காலம் எங்கட சொந்தமில்லை,” என்று எனக்குத் தெரிந்த ஒருவர் என்னிடமே சொன்னார்.

*

தர்மினி அழவுமில்லை, அறிக்கை விடவுமில்லை. முள் பிழை, சோதித்துக் காட்டுங்கள் என்று நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபியோனாவுக்கு அதிலும் ஒரு நிகழ்ச்சி தெரிந்தது.

“அடுத்த ஞாயிறு நாற்காலியில் நீ உட்கார்,” என்றாள் என்னிடம். “முள்ளைப் பார்த்துக்கொள்கிறவனையே முள் பார்க்கட்டும். ஹ்யூ கேட்பார். அவளுக்கும் ஒரு கேள்வி கொடுக்கலாம். ஒளிக்க உனக்கு ஒன்றும் இல்லையே?”

“இல்லை,” என்றேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே சமாதானம், பொய் சொன்னால் இந்த முள் என்னைப் பிடிக்காது என்பதுதான். அப்படி ஒரு தைரியம் எனக்கு வந்ததை நினைத்தும் வெட்கப்பட்டேன். ஆனால் வேலைக்குப் போய்வந்தேன். சாப்பிட்டேன். தூங்கவும் செய்தேன்.

ஞாயிறு பத்து மணி. விளக்கு முகத்தில் சுட்டது. எதிரே ஹ்யூ, பக்கத்தில் தர்மினி, சாம்பல் நிறச் சட்டையில். என் முன்னால் ஒரு சிறிய திரை, அதில் என் முகமும் முள்ளும்.

“தெற்காசியக் கோப்பு விதிப்படி எடுக்கப்பட்டதா?”

“ஆமாம்.” முள் நாலு.

“நாற்பது வேறு வேறு மனிதர்களா?”

“ஆமாம்.” முள் மூன்று.

ஹ்யூ திருப்தியோடு சாய்ந்தார். காதுக்குள் ஃபியோனா அவருக்கு ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டு தர்மினி பக்கம் கையைக் காட்டினார். ஒரு கேள்வி.

தர்மினி என் பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில் கேட்பார் என்று காத்திருந்தேன்.

“தம்பி, அண்டைக்கு டாக்குத்தரிட்ட அம்மா சொன்னதும் நீங்கள் சொன்னதும் ஒண்டோ?”

கோபம் இல்லை அந்தக் குரலில். என் அறையில் கதவு திறந்ததால் கேட்காமல் விட்டதை இப்போது கேட்டார், அவ்வளவுதான்.

முள் ஏறியது. ஐம்பது, எழுபது, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று, அதையும் தாண்டி நூறு. அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றது. இரண்டு வருடத்தில் யாரும் நூறைத் தொட்டதில்லை. தொட ஒருவனால்தான் முடியும்.

திரையின் அடியில் இயந்திர மொழிபெயர்ப்பு ஓடியது. ‘இளைய சகோதரா, மருத்துவத் தாய் ஒன்று’ என்று ஆங்கிலத்தில் உளறிவிட்டு நின்றது. இதை நம்பித்தான் மருத்துவமனைகளில் ஆட்களை நிறுத்தியிருந்தார்கள்.

ஹ்யூ முன்னால் குனிந்தார். “மன்னிக்க வேண்டும், எங்களுக்குப் புரியவில்லை. திருமதி குலசிங்கம் என்ன கேட்டார்? நீங்களே மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா?”

நலமா என்று கேட்டார் எனலாம். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார் எனலாம். அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த நம்மவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களே தவிர வெளியே மூச்சு விடமாட்டார்கள். தர்மினி மறுத்தால் அவர் வார்த்தையை யார் இப்போது நம்பப்போகிறார்கள்? அவர் மறுக்கக்கூடமாட்டார் என்று தோன்றியது. சிரித்துக்கொண்டு எனக்குத் தாங்க்யூ சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். இரண்டு தரம் சொல்லுவார்.

“அன்று வைத்தியரிடம் என் அம்மா சொன்னதும் நான் அவருக்குச் சொன்னதும் ஒன்றா என்று கேட்கிறார்,” என்றேன்.

“எந்த வைத்தியர்?”

“எனக்குப் பதினொரு வயது. அம்மா என்னைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் கூட்டிப்போனா. அஞ்சு மாதமாக மாதவிலக்கு நிற்காமல் இரத்தம் போகிறது என்று சொல்லு பிள்ளை என்றா. அதை ஓர் ஆம்பிளையிடம், என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வயிற்று வலி என்று சொன்னேன். அவர் வேறு மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் நானே பதில் சொன்னேன். அம்மாவிடம் கேட்கவில்லை.”

ஹ்யூ பேனாவை வைத்துவிட்டார்.

“வெள்ளை மருந்து ஒரு போத்தல் தந்தார். பஸ்ஸில் வரும்போது அம்மா அதை மடியில் வைத்திருந்தா. என் மகன் டாக்டரோடு வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரிப் பேசினான் என்று தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னா. பதினாலு மாதத்தில் செத்துப்போனா. கருப்பையில் புற்றுநோய். ஒன்றும் தெரியாமல்தான் போனா.”

எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்கு எனக்குத் தெரியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை.

“கோப்பில் இருப்பது அதுதான். நாற்பது பேரும் நான். நாற்பது தடவையும் அந்த வைத்தியரின் அறை. போன ஞாயிறு இவர் பொய் சொல்லவில்லை. தன் அம்மாவை நினைத்தார். அதை மறைக்க என்னிடம் பட்டன் இருந்தது. மறைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அழுத்தாமல் இருந்தேன்.”

ஃபியோனா கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஹ்யூ எதையோ சொல்லி நிகழ்ச்சியை முடித்தார். தர்மினி தன் முன்னால் இருந்த தண்ணீரை என் பக்கம் தள்ளி வைத்தார். மன்னித்தார் என்று நான் சொல்லவரவில்லை. தண்ணீரைத் தள்ளி வைத்தார்.

உச்சத்துக்குப் போன முள் தொண்ணூறு விநாடியில் இறங்கிவிடும் என்று கையேட்டில் எழுதியவன் நான். ஒவ்வொரு விளக்காக அணைத்து, கமராவுக்கு உறை போடும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்து பார்த்தேன். இறங்கவில்லை.